ரொட்டியால் அழித்த பென்சில் கோடுகள்

க்ரைன் விஸ்ஸ வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் தொலைபேசியை எடுப்பவர்தான் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று பெயர். க்ரைனுக்கோ உலகத்திலேயே சொல்லக் கடினமான சொல் அவருடைய சொந்தப் பெயர்தான். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். எதிர்முனையில் இருப்பவர் யாரும் இல்லையென்று நினைத்து வைத்துவிடுவார். நாலைந்து முறை அப்படி ஆனபிறகு அவர் அந்தக் கருவியைத் தொடுவதையே விட்டுவிட்டார். எடுப்பதெல்லாம் அவர் மனைவி நெல்லா.

நானும் க்ரைனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே அவருக்குத் திக்குவாய். ரொட்டிக் கடைக்கு அனுப்பினால், தனக்கு வேண்டிய ரொட்டியை வாங்கி வரமாட்டார். சொல்ல வருகிற ரொட்டியைத்தான் வாங்கி வருவார். உலர்திராட்சை போட்ட ரொட்டி என்றால் அவருக்கு உயிர். ஆனால் அதன் பெயரும் அவர் பெயரைப் போலவே தொடங்கித் தொலைக்கும். அதனால் கல்யாணம் ஆகும்வரை அந்த மனிதர் பிடிக்காத கறுப்பு ரொட்டியையே தின்று வளர்ந்தார். பெரியவரானதும் வெங்காயம் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஓடும் பெல்ட்டின் இரைச்சலில் யாருமே பேச முடியாது. இந்தத் தீவில் அவரைவிடப் பொருத்தமான வேலையில் யாரும் சேர்ந்ததில்லை என்று நான் கேலி செய்வேன்.

இப்படிப்பட்டவரை எங்கள் சபை மூப்பராகத் தேர்ந்தெடுத்தது. எங்கள் ஊரான நியூவர்ஹூக்கில் எங்கள் சபைக்குப் பதினாறு வருடமாகப் போதகர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூப்பர் ஒருவர் பீடத்தின் கீழே இருக்கும் சாய்மேசையில் நின்று, பழைய காலத்துப் போதகர் எழுதிய பிரசங்கத்தைப் புத்தகத்திலிருந்து படிப்பார். மற்ற யாரும் அதைப் படிக்கக்கூடாது. ஒரு மூப்பர் இடம் காலியானபோது இரண்டு பெயர்களை முன்வைத்தார்கள். ஒன்று லௌருஸ், சங்கீதங்களை முன்னின்று பாடுபவர், பீட்ரூட் விவசாயி, கழுத்து நரம்பு புடைக்கப் பேசுபவர். இன்னொன்று க்ரைன். ஆண்கள் சீட்டு எழுதிப் போட்டார்கள். இருபத்துமூன்றுக்குப் பத்தொன்பது என்று க்ரைன் ஜெயித்தார். நோயாளிகளின் படுக்கையருகே பேசாமல் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். புத்தகம் படிப்பதற்குத்தான் இன்னொரு மூப்பரான இஸாக் மாமா இருக்கிறாரே என்று நினைத்தோம். இஸாக் மாமாவுக்கு வயது எழுபத்தொன்பது என்பதை யாரும் நினைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடம் ஜனவரியில் இஸாக் மாமா பனியில் சைக்கிளோடு விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மூன்று ஞாயிறு பக்கத்து ஊர் மூப்பர்கள் வந்து படித்துக் கொடுத்தார்கள். நான்காவது ஞாயிற்றுக்கு யாரும் வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே இஸாக் மாமா உத்தரவு போட்டார்: க்ரைன் படிக்கட்டும், வரிசையில் அடுத்த பிரசங்கத்தையே படிக்கட்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் க்ரைன் நெல்லாவிடம் சொன்னாராம்: "ஒரே ஒரு ஞாயிறு. பாதியில நின்னுட்டேன்னா அன்னைக்கே எ... எழுதிக் கொடுத்துடறேன். மூப்பர் வேலை எனக்கு வேணாம்."

எங்களில் மூப்பர் பதவியை எழுதிக் கொடுப்பது என்பது கிடங்கு வேலையை விடுவது போலல்ல. அழைத்தவர் ஆண்டவர். அவர் ஆள் தெரியாமல் அழைத்துவிட்டார் என்று சபை நடுவே ஒப்புக்கொள்வது அது. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஆலயத்துக்குள் தலை நிமிர்ந்து வரமாட்டார்.

வீட்டில் பேசும்போது வாய் அடைத்தால் க்ரைன் வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார். நாற்பது வருடம் அப்படித்தான் காலம் தள்ளினார். ஆனால் அச்சில் இருக்கும் பிரசங்கத்தில் தாவ முடியாது. அதிலும் அந்தக் காலத்துப் போதகர்கள் எழுதிய சொற்கள் இருக்கிறதே, ஒவ்வொன்றும் முழ நீளம். எங்கள் மொழியில் மூன்று நான்கு சொற்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். நெல்லா அவரை ஹூஸ் நகரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினாள். அந்தப் பெண் முதல் நாளே உருளைக்கிழங்கு தோல் சீவும் கத்தியை மேசைமேல் வைத்து, "இதோட பேரைச் சொல்லுங்க" என்றாளாம். க்ரைன் வியர்த்துப்போனார்.

"ஒரே மூச்சுல மலை ஏறாதீங்க. எங்க ஒட்டியிருக்கோ அங்க ஒரு கோடு போடுங்க. ஆர்ட், ஆப்பல், ஸ்ஹில், மெஸ்யா. இதுல எது கனமான துண்டு?"

"ஆ... ஆர்ட்."

"அதுக்குக் கீழ ஒரு புள்ளி வைங்க. அது வரும்போது கட்டைவிரலால ஒரு தட்டு. மத்ததெல்லாம் லேசா தானா வந்துடும்."

பெரும்பாலான சொற்களில் கனம் முதல் துண்டில்தான் விழும். ஆனால் எல்லாவற்றிலும் அல்ல, அதுதான் வம்பு. மேயரைக் குறிக்கும் புர்ஹமேஸ்டரில் கனம் நடுவில் இருக்கும், மேஸ் என்ற இடத்தில். முதலிலேயே அழுத்தி இறங்கினால் அவ்வளவுதான், அங்கேயே மாட்டிக்கொள்வார். இஸாக் மாமா குறித்துக் கொடுத்த பிரசங்கமோ ஆண்டவரின் அருள் சிம்மாசனமான கிருபாசனத்தைப் பற்றியது. பிரதான ஆசாரியருக்கு எங்கள் சொல் ஹோஹப்ரீஸ்டர்; கிருபாசனத்துக்கு ஹனாடத்ரோன். இரண்டிலுமே கனம் முதலில் இல்லை. அந்த இரண்டு சொற்களும் பக்கத்துக்கு நாலு தடவை வந்தன.

இதெல்லாம் நெல்லா எனக்குப் பிறகு சொன்னவை. முன்பே சொல்லியிருந்தால் நான் அந்தப் பாவத்தைச் செய்திருக்கமாட்டேன்.

ஆலயத்தைத் திறந்து, கூட்டி, துடைத்து, கணப்பை மூட்டி, பூட்டும் வேலை பெயருக்கு என் கணவருடையது, வேலைக்கு நான். பிரசங்கப் புத்தகம் ஆலயத்தின் பின்னறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது இஸாக் மாமாவின் சட்டம். அதனால் க்ரைன் கிடங்கு விட்டதும் தினமும் என்னிடம் வந்து சாவி வாங்கிக்கொண்டு பின்னறையில் உட்காருவார். நான் விளக்குத் துடைக்கும்போது முணுமுணுப்பும் மேசையில் டொக் டொக் என்ற சத்தமும் கேட்கும். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். ஜெபம் செய்கிற மனிதரிடம் போய் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

"என்ன க்ரைன், தினமும் வர்றீங்க?" என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். மூப்பரான பிறகு நான் அவரை நீங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன்.

"கு... குளிருக்கு இங்க நல்லா இருக்கு" என்று சிரித்தார். அறைக்குள் எங்கள் மூச்சே புகையாக வந்தது.

வியாழக்கிழமையோடு அவர் வருவது நின்றது. முடித்துவிட்டார், அதனால்தான். வெள்ளிக்கிழமை நான் பின்னறையைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தடித்த தோலட்டைப் புத்தகத்தைத் திறந்து தூசி தட்டினேன். உள்ளே ஒரு துண்டுப் பென்சில். ஆறு தாள்களில், முன்னும் பின்னும், ஒவ்வொரு வரியிலும் குட்டிக் குட்டிக் கோடுகள், புள்ளிகள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. புதன்கிழமை வேதபாட வகுப்புக்கு வரும் பையன்கள்தான் என்று முடிவு செய்தேன். இருநூறு வருடப் புத்தகம்! அவர்களில் ஒருவன் கையில் கிடைத்திருந்தால் காதைத் திருகிக் கையில் கொடுத்திருப்பேன்.

ரப்பர் போட்டால் பழைய தாள் கிழியும். காய்ந்த வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டித் தேய்த்தால் பென்சில் சுத்தமாகப் போய்விடும். என் அம்மா சுவர்க்காகிதத்தை அப்படித்தான் துடைப்பாள். வெள்ளி மாலையும் சனி முழுவதும் உட்கார்ந்து தேய்த்தேன். ஒரு முழு ரொட்டி தீர்ந்தது. ஒரு புள்ளிகூட விடவில்லை. அந்த வாரம் நான் செய்த வேலையிலேயே அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். பென்சிலைப் பின்னறை இழுப்பறையில் போட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆலயம் நிரம்பியிருந்தது. இஸாக் மாமா படித்த காலத்தைவிட அதிகக் கூட்டம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நான் எண்ணவில்லை. நான் வழக்கம்போல வாசலருகே கடைசி பெஞ்சில். பக்கத்தில் நெல்லா. அவள் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

ஜெபத்தை க்ரைன் தன் சொந்தச் சொற்களில் செய்தார். சின்னச் சின்னச் சொற்கள், இரண்டு இடத்தில் தடுக்கல், ஒப்பேற்றிவிட்டார். பத்துக் கட்டளைகளையும் வேதபாடத்தையும் லௌருஸ் கணீரென்று படித்தார். பலகையில் எழுதியிருந்த சங்கீதத்தைப் பாடினோம். பிறகு பிரசங்கத்துக்கு எல்லோரும் வழக்கப்படி முதல் பெப்பர்மிண்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சாய்ந்தார்கள். க்ரைன் புத்தகத்தைத் திறந்தார்.

திறந்தவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், திரும்ப முதல் தாளுக்கு வந்தார். இரண்டு தாள்களின் நடு மடிப்பில் விரலை விட்டு எதையோ தொட்டுப் பார்த்தார். நெல்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னடி இது? ஏன் தேடறார்?"

"எதைத் தேடறார்?"

"கோடுகளை. பென்சிலால கோடு போட்டு வெச்சிருந்தார், மினா. மூணு வாரமா. அது இல்லாம அவரால முடியாது."

வாயில் இருந்த பெப்பர்மிண்டை விழுங்கிவிட்டேன். எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். அவளிடம் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த நிமிடத்தில் திக்குவாய் எனக்கு வந்திருந்தது.

க்ரைன் தொடங்கினார். நான்கு சொற்கள் வந்தன. ஐந்தாவது ஹோஹப்ரீஸ்டர். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. காது மடல் சிவந்தது, பிறகு கழுத்து. முன் பெஞ்சில் யாரோ பெப்பர்மிண்ட் காகிதத்தைக் கசக்கினார்கள். நான் கணப்பில் கரி விழும் சத்தத்தைக் கேட்டேன். லௌருஸ் தன் நாற்காலியில் மெதுவாகத் திரும்பி க்ரைனைப் பார்த்தார். பத்தொன்பது சீட்டு வாங்கியவர் இருபத்துமூன்று வாங்கியவரைப் பார்க்கும் பார்வை அது என்று எனக்குப் பட்டது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

க்ரைன் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். மூடப்போகிறார் என்று நெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆறாம் சங்கீதம்" என்றார் க்ரைன். "முழுசும்."

ஆலயம் சலசலத்தது. பலகையில் ஆறாம் சங்கீதம் கிடையாது. பலகையில் இல்லாததை நடுவில் பாடச்சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. எனக்கு மட்டும் புரிந்தது: அது பாட வேண்டிய சங்கீதமல்ல, அவருக்குச் சொல்ல வருகிற சங்கீதம். பழைய ரொட்டிக் கடை வழக்கம். லௌருஸ் பாதி எழுந்து, வாய் திறந்து, மூடி, பிறகு எழுந்து நின்று தொடங்கினார்.

நாங்கள் சங்கீதத்தைப் பழைய முறையில்தான் பாடுவோம். பட்டணத்துச் சபைகள் தாளத்தோடு பாடுகின்றன. எங்கள் காதுக்கு அது ரயிலைப் பிடிக்க ஓடுவது போலிருக்கும். எங்களுக்கு எந்த அசைக்கும் கனமும் இல்லை, லேசும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மூச்சு. ஒரு பாட்டின் ஒரு கண்ணி முடிவதற்குள் ஒரு முட்டை வெந்துவிடும். அப்படிப் பாடும்போது க்ரைன் ஒருநாளும் திக்கியதில்லை. ஆனால் அன்று அவர் பாடவில்லை. கோட்டுப் பைகளைத் தடவிக்கொண்டிருந்தார், உள்பை, வெளிப்பை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் பையில் பென்சில் எங்கிருந்து வரும்?

நான் எழுந்தேன். பின்னறைக்குப் போய் இழுப்பறையை இழுத்தேன். இழுத்த வேகத்தில் அது முழுவதுமாக வெளியே வந்து தரையில் விழுந்தது. பென்சிலைப் பொறுக்கி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, இரண்டையும் தட்டில் வைத்துக்கொண்டு நடுவழியாக முன்னே நடந்தேன். ஆராதனை நடக்கும்போது ஒரு பெண் மூப்பரின் மேசைக்குப் போனது எங்கள் ஆலயத்தில் அதுதான் முதல்முறை. என் கணவர் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வைக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனேன்.

தட்டை வைத்தேன். க்ரைன் பென்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து கோடு போடத் தொடங்கினார். நான் என் பெஞ்சுக்குத் திரும்பினேன்.

அந்தச் சங்கீதம் முடிந்தபோது ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. அவர் படித்தார். கட்டைவிரல் மேசையில் விழுவது கடைசி பெஞ்சுவரை கேட்டது. ஹோஹ என்று லேசாக விட்டு, ப்ரீஸ்டர் என்று தட்டி இறங்கினார். வந்தது. அடுத்ததும் வந்தது. ஹ என்று லேசாக விட்டு, னா வந்ததும் டொக், டத்ரோன் தானாக விழுந்தது. அழகான வாசிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதியில் நிற்காத வாசிப்பு. நெல்லா ஒவ்வொரு தட்டுக்கும் என் மணிக்கட்டை அழுத்தினாள்.

ஒன்றரைப் பக்கம் தீர்ந்தது. க்ரைன் நின்றார். நெற்றியைத் துடைத்தார்.

"ஆறாம் சங்கீதம்."

மறுபடியும் அதுவே. இந்தமுறை சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண் மூக்கால் சிரித்தாள். எல்லாம் லௌருஸ் கையில் இருந்தது. அவர் தொடங்காவிட்டால் யாரும் தொடங்கமாட்டார்கள். வேகமாகத் தொடங்கினால் க்ரைனுக்கு அரைப் பக்கம்கூடத் தேறாது. லௌருஸ் எழுந்து, க்ரைனின் கையை, அதிலிருந்த பென்சிலை, அது போட்டுக்கொண்டிருந்த கோடுகளை நன்றாகப் பார்த்தார். அவர் நாற்காலி மேசைக்கு இரண்டடி தூரத்தில்தான். பார்த்துவிட்டு சபைப் பக்கம் திரும்பி, முதல் அசையைப் பிடித்தார்.

விடவில்லை. எனக்கு மூச்சு தீர்ந்தது, இன்னொரு மூச்சு எடுத்தேன், அவர் இன்னும் அதே அசையில் நின்றார். கிழவிகளின் முகமெல்லாம் நீலம் பாரித்தது. அவ்வளவு மெதுவாக எங்கள் தாத்தாக்கள்கூடப் பாடியிருக்கமாட்டார்கள். இரண்டாவது கண்ணிக்குள் ஆண்கள் பக்கம் விஷயத்தைப் புரிந்துகொண்டது, அவர்களும் இழுத்தார்கள். பிறகு பெண்கள் பக்கம். சிரித்தவளும் இழுத்தாள். நான் அழுதுகொண்டே இழுத்தேன். க்ரைன் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

ஆறாம் சங்கீதத்தை அன்று ஐந்து முறை பாடினோம். எல்லோருடைய பெப்பர்மிண்டும் தீர்ந்து, இருந்தவர்கள் பாதி பாதியாகக் கடித்துக் கொடுத்தார்கள். வீடுகளில் உருளைக்கிழங்கு ஆறியது, சில வீடுகளில் கறி கருகியது. ஒரு மணி அடித்தபோது க்ரைன் கடைசி வரியைப் படித்து, ஆமென் என்று சொல்லி, புத்தகத்தை மூடினார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

வாசலில் லௌருஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு அவரிடம் வந்தார். குரல் போயிருந்தது.

"ஏம்ப்பா க்ரைன், ஆறாம் சங்கீதத்துமேல உனக்கு என்ன அவ்வளவு ஆசை?"

க்ரைன் கையிலிருந்த துண்டுப் பென்சிலைக் காட்டினார்.

"அடுத்த ஞாயிறு நீ நாலு பக்கம் கோடு போட்டுட்டு வா. மிச்சத்துக்கு நான் பாடறேன். பலகையில முன்னாடியே எழுதி வெச்சுடறேன், ஜனங்க பயப்பட வேணாம்."

க்ரைன் தலையாட்டினார். பதவியை எழுதிக் கொடுக்கும் பேச்சு அதோடு போயிற்று என்று நெல்லா சொன்னாள்.

ஆனால் என் மனக்குறுகுறுப்பு போகவில்லை. திங்கள் காலை துவைத்த துணியை இரண்டாம் முறை துவைத்தேன். நேரில் போய்ச் சொல்லத் துணிச்சல் இல்லை. நெல்லாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டால் அவள் அவரிடம் சொல்லிக்கொள்வாள் என்று முடிவு செய்தேன். க்ரைன் எடுக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் மாலையில் எண்ணைச் சுற்றினேன்.

நீண்ட நேரம் அடித்தது. எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மரத்தில் ஒரு தட்டுச் சத்தம்.

"க்... க்ரைன் விஸ்ஸ."

எனக்குச் சொல்லவேண்டியதெல்லாம் மறந்துபோனது. "க்ரைன்" என்றேன். "நான் மினா. அந்தக் கோடெல்லாம் அழிச்சது நான்தான். பசங்க வேலைன்னு நினைச்சுட்டேன். காய்ஞ்ச ரொட்டியால தேய்ச்சேன்."

"தெரியும்" என்றார். "மடிப்புல ரொ... ரொட்டித் தூள் இருந்துச்சு. ஊர்ல அப்படித் துடைக்கறவ நீ ஒருத்திதான்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? பென்சில் கொண்டு வந்தேனே, அப்பவே சபை நடுவுல என்னைக் கேட்டிருக்கலாமே!"

மறுபடியும் அந்த மூச்சு. இந்தமுறை அது சிரிப்பு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாற்பது வருடப் பழக்கத்தில் தன் திக்குவாயைப் பற்றி அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கேட்டிருக்கலாம்" என்றார் க்ரைன். "அதைக் கேட்டு முடிக்கறதுக்கு இன்னும் நாலு சங்கீதம் பாட வேண்டியிருக்குமே, மினா."